மேல்வகுப்புக் காக்காமார்

எங்கள் பிரதேசத்தில் பாடசாலை வரலாறு என்று ஒன்று எழுதப்படுவதானால் அது மலரில்தான் எழுதப்படும். பொன்விழா மலர், நூற்றாண்டு மலர், பரிசளிப்பு விழா மலர், அதிபர் ஓய்வு பெறும்போது ஒரு சேவைநலன் பாராட்டு மலர். அமைச்சரின் வாழ்த்துச் செய்தி, வலயக் கல்விப் பணிப்பாளரின் வாழ்த்துச் செய்தி, பள்ளிவாசல் தலைவரின் வாழ்த்துச் செய்தி என்று பதினைந்து பக்கம் போன பிறகு ‘பாடசாலையின் தோற்றமும் வளர்ச்சியும்’ வரும். காணி கொடுத்தவர் பெயர், முதல் அதிபர் பெயர், மாடிக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியவர் பெயர். கடைசியில் மருத்துவ பீடம் போனவர்களின் பட்டியல். இரண்டு மூன்று மலர்க் குழுக்களில் நானும் இருந்திருக்கிறேன் என்பதால், அந்த வேலையின் சிரமம் தெரிந்துதான் இதைச் சொல்கிறேன்.

ஆனால் அந்தப் பாடசாலையில் படித்த எவரிடமாவது போய் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அடிக்கல்லைப் பற்றி அவர் பேசமாட்டார். ஆசிரியர்களைப் பற்றி ஒன்றிரண்டு சொல்வார். பிறகு, “எனக்கு ரெண்டு வகுப்பு மேல படிச்ச ஒரு காக்கா இருந்தார்...” என்று தொடங்குவார். கதை அங்கிருந்துதான் வரும். மட்டக்களப்பு வாவிக் கரையின் முஸ்லிம் சிற்றூர்களுக்குக் கல்வி வந்து சேர்ந்த விதத்தை எழுதுவதானால், அந்தக் காக்காமாரை விட்டுவிட்டு எழுத முடியாது என்பது என்னுடைய எண்ணம். அவர்களோ எந்த மலரிலும் இல்லை.

எங்கள் ஊர் காத்தான்குடிக்குத் தெற்கே வாவியைப் பார்த்தபடி இருக்கிறது. பட்டணத்துப் பாடசாலைகளில் ஒரு வகுப்புக்கு மூன்று நான்கு பிரிவு. மேலே படிப்பவரின் முகம்கூடத் தெரியாமல் போகலாம். எங்கள் பாடசாலையில் ஒரு வகுப்புக்கு ஒரு பிரிவுதான். பத்தாம் பதினோராம் வகுப்புக்கு வந்தால் பத்துப் பன்னிரண்டு பேர் மிஞ்சுவோம். ஒரே நீள மண்டபம், நடுவில் தட்டி. எட்டாம் வகுப்பில் இருந்துகொண்டே ஒன்பதாம் வகுப்புப் பாடத்தைக் கேட்கலாம். அங்கே யார் அடி வாங்குகிறார்கள் என்பதும் தெரியும். அடி வாங்குகிறவர் அநேகமாக மாமி மகனாக இருப்பார், இல்லாவிட்டால் அடுத்த வளவுக்காரராக இருப்பார்.

அரசாங்கப் பாடசாலைகளை இந்நாட்டில் நான்கு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். உயர்தரத்தில் விஞ்ஞானம் உட்பட எல்லாப் பிரிவும் இருந்தால் 1ஏபி. கலையும் வர்த்தகமும் மட்டும் என்றால் 1சி. பதினோராம் வகுப்போடு நின்றுவிட்டால் வகை 2. அதற்கும் கீழே வகை 3. எங்களது வகை 2. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை விஞ்ஞானம் படிக்க வேண்டுமானால் ஊரை விட்டுப் போகவேண்டும். எங்கே போவது, யாரைப் பிடிப்பது, விடுகைப் பத்திரத்தை எப்போது வாங்குவது, நான்கு பாடத்தில் எதை எதோடு சேர்த்து எடுப்பது என்று சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் கிடையாது. வாப்பா வயலிலோ தோணியிலோ இருப்பார். அல்லது பொலன்னறுவைப் பக்கம் ஒரு பிடவைக் கடையில் நிற்பார். போன வருடம் போனவர்தான் இந்த வருடம் போகிறவருக்கு வழி. அவரும் அதற்கு முந்திய வருடக்காரரிடம் கேட்டுத்தான் போயிருப்பார்.

அப்படிப் போன இடம் நெடுங்காலமாகப் புளியந்தீவாக இருந்தது.

புளியந்தீவு என்றால் மட்டக்களப்பின் பழைய நகரம். வாவிக்குள் ஒரு சிறு தீவு. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, ஒல்லாந்தர் 1638இல் பிடித்த கோட்டை அதில் இருக்கிறது. கச்சேரி நெடுங்காலம் அந்தக் கோட்டைக்குள்ளேயே இயங்கியது. எங்கள் பக்கத்திலிருந்து போவதானால் இரண்டு பாலம் கடக்க வேண்டும். முதலாவது கல்லடிப் பாலம். 1924இல் திறந்தது, ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரில் லேடி மனிங் பாலம் என்று அழைக்கப்பட்டது. ஒரு வாகனம் மட்டுமே போகக்கூடிய அகலம். அந்தப் பக்கத்து வாகனம் வந்து முடியும் வரைக்கும் இந்தப் பக்கம் நிற்கவேண்டும். மட்டக்களப்பு என்றதும் பாடும் மீன் என்பவர்கள் இந்தப் பாலத்தடியைத்தான் சொல்கிறார்கள். பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு நின்ற காக்காமாருக்கு மீன் பாடியதாக எவரும் எனக்குச் சொன்னதில்லை. முதல் மணி அடித்துவிடுமே என்ற பயத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள். கோட்டைமுனைப் பக்கம் இறங்கி இன்னொரு பாலத்தால் தீவுக்குள் போனால் மெதடிஸ்த மத்திய கல்லூரியும் புனித மிக்கேல் கல்லூரியும். ஏறாவூர்ப் பிள்ளைகளுக்கு 1928இல் வந்த ரயில் பாதையும் கைகொடுத்தது.

இந்தத் தீவில் ஆங்கிலப் பாடசாலைக் கல்வி 1814இல் தொடங்குகிறது. அந்த வருடம் இலங்கைக்கு வந்த வெஸ்லியன் மிஷனரிமாரில் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டார். 1815 ஏப்ரலில் இங்கேயே இறந்துபோனார். ஒரு வருடம்கூட முழுதாக இருக்கவில்லை. அதற்குள் எட்டுப் பாடசாலைகள் தொடங்கினார் என்று சொல்வார்கள். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் பிறப்பை அவரிலிருந்து கணக்கிடுகிறது. மிக்கேல் கல்லூரி 1873இல் தோன்றியது. பின்னர் இயேசு சபையினரின் பொறுப்பில் வளர்ந்தது.

விபுலாநந்த அடிகள் இரண்டிலும் படித்தவர். காரைதீவில் 1892இல் பிறந்து, கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையில் படித்து, அங்கிருந்து புளியந்தீவுக்கு வந்தார். பதினாறு வயதில் கேம்பிரிஜ் சீனியர் சித்தியடைந்து, மிக்கேல் கல்லூரியிலேயே ஆசிரியரானார். நேற்றுவரை மேல்வகுப்பில் இருந்த பையன் இன்றைக்கு வாத்தியார். அவருக்குக் கீழே படித்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அடிகளார் பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், யாழ் நூலின் ஆசிரியர் என்றெல்லாம் உலகறிந்தார். எங்களுக்கு அவர் கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்தவர். கிராமத்திலிருந்து புளியந்தீவுக்குப் போன ஒரு மாணவர், தனக்குப் பின்னால் வருகிறவர்கள் இரண்டாவது பாலம் வரைக்கும் போகத் தேவையில்லாமல் பாதி வழியில் ஒரு பாடசாலை வைத்தார் என்று நான் விளையாட்டாகச் சொல்வேன். மட்டக்களப்பின் மிகப் பெரிய மேல்வகுப்பு மாணவர் அவர்தான்.

முஸ்லிம் பிள்ளைகள் அந்தப் பாலத்தைக் கடக்க நாளெடுத்தது. மிஷன் பாடசாலைக்குப் போனால் மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயம் எங்கள் மூதாதையருக்கு இருந்தது. அது முற்றிலும் ஆதாரமில்லாத பயமும் அல்ல. கண்டியில் சித்திலெப்பையும், எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவும் சேர்ந்து 1892இல் கொழும்பில் தொடங்கிய பாடசாலைதான் பிறகு ஸாஹிரா ஆயிற்று. அது கொழும்புக்கு. வாவிக் கரைக்கு அந்த வெளிச்சம் வர இன்னும் அரை நூற்றாண்டு சென்றது. 1942இல், யுத்த காலத்து உணவு உற்பத்தி வேலைகளுக்காக, ஏ.எம்.ஏ. அஸீஸ் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். யாழ்ப்பாணத்தில் வண்ணார்பண்ணையில் பிறந்து, வைத்தீஸ்வரா வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தவர், விபுலாநந்தரின் நண்பர். கிழக்கு முஸ்லிம்கள் கல்வியில் எவ்வளவு பின்தங்கிக் கிடக்கிறார்கள் என்பதை அங்கேதான் நேரில் கண்டார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவாயிற்று. அதே வருடம்தான் கன்னங்கராவின் இலவசக் கல்வியும் நடைமுறைக்கு வந்தது.

இவையெல்லாம் புத்தகங்களில் இருக்கின்றன. அஸீஸைப் பற்றி நம்மவர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். நான் கேட்பது வேறு. உதவி நிதி இருக்கிறது, விண்ணப்பப் பத்திரம் என்று ஒன்று இருக்கிறது என்ற செய்தி, பத்திரிகை வராத ஒரு வாவிக் கரைக் கிராமத்துக்கு எப்படி வந்தது? எங்கள் ஊரில் அதை வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் அறிவிக்கவில்லை. விடுமுறைக்கு ஊருக்கு வந்த ஒரு மேல்வகுப்புக் காக்கா, கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றபோது, இன்னொரு பையனிடம் சொன்னார். அந்தப் பையன் பின்னாளில் எங்களூரின் முதல் பயிற்றப்பட்ட ஆசிரியரானவர். எனக்கு இதைச் சொன்னவரும் அவரே.

புத்தகமும் அப்படித்தான் வந்தது. அரசாங்கம் இலவசப் பாடநூல் கொடுக்கத் தொடங்கியது 1980இல். அதற்கு முன்னர் ஒரு புத்தகம் ஐந்தாறு கை மாறும். வகுப்பேற்றம் வந்தவுடன் மேல்வகுப்புக்காரரின் வீட்டு வாசலில் போய் நிற்பார்களாம். பாதி விலைக்கு, சிலநேரம் ஒரு கொத்து நெல்லுக்கு. புத்தகத்தின் முன்பக்கத்தில் முன்னால் வைத்திருந்தவர்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வெட்டப்பட்டிருக்கும். ஓரங்களில் அவர்கள் எழுதிய விடைகளும் இருக்கும், பிழையான விடைகள் உட்பட. ஒருவருடைய பிழை நாலு பெட்ச்சுக்கு ஓடிய கதை எங்களூரில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். நான் பாடசாலைக்குப் போன காலத்தில் புத்தகம் புதிதாகக் கைக்கு வந்தது. வசதிதான். ஆனால் மேல்வகுப்புக்காரர் வீட்டுக்குப் போகவேண்டிய ஒரு தேவை அதோடு குறைந்தது. உயர்தரத்துக்கு இலவசப் பாடநூல் இல்லாததால் அங்கே மட்டும் பழைய முறை நீடித்தது. நோட்ஸ் கொப்பி கை மாறியது.

பாலம் கடந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது, எங்கள் பக்கம் வந்தவர்களையும் சொல்லவேண்டும். எங்கள் பாடசாலையின் பழைய லொக் புத்தகத்தைப் புரட்டினால் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் வந்த ஆசிரியர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழர்கள். ஆரையம்பதியிலிருந்தும் கல்லடியிலிருந்தும் சைக்கிளில் வருவார்கள். நோன்பு காலத்துக்கு முஸ்லிம் பாடசாலைகள் மூடுகிறபோது அவர்களுக்கும் விடுமுறை. அவர்களுடைய சொந்தப் பிள்ளைகளுக்கோ விடுமுறை இல்லை. வெள்ளிக்கிழமை நேரத்தோடு விட்டுவிடுவோம். அந்த ஆசிரியர்கள்தான், “இவன் கெட்டிக்காரன், பட்டணத்துக்கு அனுப்புங்க” என்று வாப்பாமாரிடம் சொன்னார்கள். அனுப்பின பிள்ளை அங்கே போய் அவர்களுடைய மருமகனோடோ அயல்வீட்டுப் பையனோடோ ஒரே வாங்கில் இருந்தது.

வருடங்களை எங்கள் மூத்தவர்கள் இலக்கத்தில் சொல்வதில்லை. 1957 டிசம்பர்ப் பெருவெள்ளம் ஒரு அடையாளம். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி இன்னொன்று. ‘சூறாவளிக்கு முந்தின பெட்ச்’ என்றால் ஊரில் எல்லோருக்கும் விளங்கும். அந்த இரவில் மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னை மரங்கள் பாய் விரித்தது போல் படுத்தன. எங்கள் பாடசாலையின் கூரை வாவிக்குள் போயிற்று. சேர்விடாப்பு மட்டும் தப்பியது. அதிபர் அதைக் கையெழுத்துப் பார்க்கவென்று வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாராம். மழைநீர் பட்ட கறை இன்றும் அதன் ஓரத்தில் இருக்கிறது. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடப் பயிற்சியை முடித்து ஊருக்குத் திரும்பியபோது அந்த இடாப்பைப் பேணும் பொறுப்பு எனக்கு வந்தது. அதிலிருந்துதான் இந்தச் சங்கதிகளில் எனக்கு ஈடுபாடு வந்தது என்று சொல்லலாம்.

சேர்விடாப்பில் சேர்விலக்கம், பெயர், பிறந்த திகதி, தந்தையின் பெயர், தொழில் என்று நிரல்கள் போகும். கடைசியில் இரண்டு நிரல்: விலகிய திகதி, விலகிய காரணம். ஒரு சிற்றூரின் கல்வி வரலாறு முழுவதும் இந்தக் கடைசி நிரலில் இருக்கிறது என்றால் மிகையில்லை. ‘மேற்படிப்பு’ என்று இருப்பது சொற்பம். ‘கடைக்குச் சென்றார்’ நிறைய. ‘வறுமை’. ‘வேளாண்மை’. ‘ஊர் விட்டுச் சென்றனர்’. எழுபதுகளின் கடைசியிலிருந்து ‘வெளிநாடு’ வரத் தொடங்குகிறது. முதலில் ஆண்களுக்கு, பிறகு பிள்ளைகளின் தாய்மாருக்கு. தாய் போனதும் மூத்த பெண்பிள்ளை பாடசாலையை விட்டு நிற்கிறாள்.

பெண்பிள்ளைகளின் வரிகள் இன்னும் குறுகலானவை. ‘பருவமடைந்தமை’ என்று ஒரு காலத்து அதிபர் எழுதியிருக்கிறார். அடுத்து வந்தவர் ‘வீட்டுக் காரணம்’ என்று எழுதினார். அவருக்குப் பின் வந்தவர் ஒன்றும் எழுதாமல் ஒரு கோடு போட்டார். மூவரும் சொன்னது ஒன்றையே. மேல்வகுப்புக் காக்காமார் என்று தலைப்பிட்டுவிட்டேனே தவிர, எங்களுக்கு மேல்வகுப்பு ராத்தாமாரும் இருந்தார்கள், ஏழாம் எட்டாம் வகுப்பு வரைக்கும். எனக்கு வாய்ப்பாடு சொல்லித்தந்தவர் அப்படிப்பட்ட ஒரு ராத்தா. தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து, எங்கள் ஆசிரியர் வராத நேரத்தில் எழுந்து வந்து, பிரம்பையும் எடுத்துக்கொண்டு எங்களை நடத்துவார். ஒரு தவணை விடுமுறைக்குப் பின் அவர் வரவில்லை. இடாப்பில் அவருடைய வரிக்கு நேரே கோடுதான் இருக்கிறது. அவருடைய மகள் பின்பு பட்டதாரியாகி ஆசிரியையானார். இடையில் ஒரு தலைமுறை தேவைப்பட்டிருக்கிறது.

1985 ஏப்ரலில் தமிழ் முஸ்லிம் கலவரங்கள் தொடங்கிய பிறகு பஸ்ஸில் போகிறவர்கள் குறைந்தார்கள். இடையில் அமைதி வந்ததும் மறுபடியும் போனார்கள். ஒவ்வொரு தடவையும் போனவர்கள் முன்னைவிடச் சிலர் குறைவு. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; சிறுவர்களும் அதில் அடக்கம். ஒரு வாரம் கழிந்து ஏறாவூர். செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து 158 தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பவேயில்லை. 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் குழந்தைகளும் பெண்களுமாகத் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். மிக்கேல் கல்லூரிப் பையன்களுக்குக் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்க இயேசு சபைக் குருவான யூஜின் ஹேர்பேட் அடிகளார், 1948இலிருந்து இந்நாட்டில் வாழ்ந்தவர், ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமற்போனார். கூட வந்த தமிழ் இளைஞரும்தான். எங்களூர்க் காக்காமாரின் கதைகளில் அந்த வெள்ளைக்காரப் பாதரும் அவருடைய விசிலும் வராமல் இருந்ததில்லை.

அந்த இரண்டு மாதங்களைப் பற்றி எழுதியவர்கள் இருக்கிறார்கள், இனியும் எழுதவேண்டும். நான் இங்கே சொல்லவருவது ஒரு சிறிய விளைவை. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. எனக்கு மேலே இருந்தவர்களில் புளியந்தீவில் படித்துக்கொண்டிருந்த எவரும் திரும்பிப் போகவில்லை. சைக்கிளில் வந்த ஆசிரியர்களும் பின்னர் வரவில்லை. லொக் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரி: ‘ஆசிரியர் பற்றாக்குறை நிலவுகிறது.’ எங்கள் வகுப்புத்தான், பட்டணத்தில் தனக்கு முன்னால் ஒருவரும் இல்லாத முதல் வகுப்பு. அவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், வாங்கில் பக்கத்து இடம் காலியாகி. பல்கலைக்கழகத்திலும் இதுவே நடந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தொடரமுடியாத முஸ்லிம் மாணவர்களுக்காக 1995 ஒக்டோபரில் அட்டாளைச்சேனையில் தொடங்கியதே பிற்பாடு ஒலுவிலுக்குப் போன தென்கிழக்குப் பல்கலைக்கழகம். அதனால் நாம் அடைந்த நன்மை பெரிது; மறுப்பார் இல்லை. அது எந்தக் காயத்தின் மேல் முளைத்தது என்பது இன்று அங்கே படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது.

இன்றைக்கு என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளிடம், உங்கள் பெரியப்பாமார் புளியந்தீவில் படித்தவர்கள் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். “அது தமிழாக்கள்ற பள்ளிக்கூடமே சேர்” என்கிறார்கள். ஆதியிலிருந்தே இப்படித்தான் இருந்தது என்று அவர்கள் நினைக்கிறார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் அப்படியே நினைப்பார்கள். இரண்டு பக்கத்து மலர்களும் அவர்களைத் திருத்தப்போவதில்லை. எங்கள் மலர்களில் அந்தச் சைக்கிள் ஆசிரியர்களின் பெயர் ‘மற்றும் பலர்’ என்பதற்குள் போய்விட்டது.

எங்களூரிலிருந்து கடைசியாகப் போய்வந்தவர்களில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். 1990 ஜூனில் அவர் உயர்தரம் இரண்டாம் வருடம், உயிரியல் பிரிவு. அப்போதெல்லாம் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடங்கள். 2000ஆம் ஆண்டில்தான் பாடங்கள் நான்கிலிருந்து மூன்றானபோது இரண்டும் ஒன்றாயின. அவருடைய விலங்கியல் கொப்பி, பாடத்திட்டம் மாறாததால், தொண்ணூறுகள் முழுவதும் ஊரில் ஓடியது. நான் கலைப்பிரிவு; என்னோடு சாதாரண தரம் எழுதிய என் மச்சான் அதை வைத்துத்தான் படித்தான். முதல் பக்கத்தில் 786 என்று எழுதி, அதன் கீழ் பெயர். உள்ளே அழகான சாய்ந்த எழுத்து. ஆறேழு பக்கத்துக்கு ஒரு தடவை எழுத்து மாறும். நிமிர்ந்த, உருண்டையான எழுத்து, படங்களுக்குச் சிவப்பு மையில் அம்புக்குறி. இரண்டு பக்கம், அல்லது மூன்று. பிறகு பழைய எழுத்து வந்துவிடும். அந்தப் பக்கங்களின் மேல்மூலையில் சிறியதாக ஒரு பிள்ளையார் சுழி.

மச்சானுக்கு அது விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு காக்காவிடம் கேட்டபோது சிரித்தார். “அது வெள்ளிக்கிழம” என்றார். ஜும்ஆவுக்குப் போவதற்கு அதிபர் அனுமதி கொடுத்திருந்தார். கடைசிப் பாடங்கள் தவறிப்போகும். பக்கத்தில் இருந்த கல்லடிப் பையன் கொப்பியை வாங்கி அந்தப் பகுதியை எழுதி வைப்பான். கடன் இல்லாமல் இல்லை. அவன் கோயில் திருவிழாவுக்கு நின்ற நாட்களை இவர் எழுதிக் கொடுத்தார். அந்தக் கொப்பியில் 786 இருந்ததா என்று கேட்டேன். பழக்கத்தில் போட்டிருப்பேன் என்றார்.

கல்லடி நண்பரை அவர் 2002 யுத்தநிறுத்தத்துக்குப் பிறகு ஒரு தடவை வங்கியில் கண்டார். பேசினார்கள், அதிகம் பேச முடியவில்லை என்றார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது காத்தான்குடிக் கரையிலும் கல்லடி, நாவலடிக் கரையிலும் ஒரே நேரத்தில் வந்தது. மூன்றாம் நாள் காக்கா தேடிக்கொண்டு போனார். நண்பர் ஒரு பாடசாலை மண்டபத்தில் குடும்பத்தோடு இருந்தார். உயிர்கள் தப்பியிருந்தன, வீடு இல்லை. காத்தான்குடிக் கடையொன்றில் வாங்கிய சாரனும் பிள்ளைகளுக்குச் சட்டையும் கொடுத்துவிட்டு இருவரும் வெளியே வாங்கில் இருந்தார்களாம். சான்றிதழ்கள், படங்கள், படித்த கொப்பிகள் எல்லாம் போய்விட்டன என்று நண்பர் சொன்னபோதுதான் காக்காவுக்கு விலங்கியல் கொப்பி நினைவுக்கு வந்திருக்கிறது. அது அப்போது ஊரில் எந்த வீட்டில் இருக்கிறது என்றே தெரியாது. பாடத்திட்டம் மாறி நாலு வருடம். பழைய பேப்பருக்குப் போயிருந்தாலும் ஆச்சரியமில்லை.

மச்சானின் தங்கச்சியிடம் இருந்தது. அவர் படங்கள் கீறிப் பழகுவதற்கு வைத்திருந்தார். காக்கா வெள்ளிக்கிழமைப் பக்கங்களைக் கழற்றித் தரவா என்று கேட்டு அனுப்பினார்; நண்பர் கழற்றவேண்டாம் என்று சொல்லிவிட்டார். போட்டோப் பிரதி எடுத்து இருவருக்கும் ஒவ்வொரு கட்டு கொடுத்தேன். சிவப்பு அம்புக்குறிகள் பிரதியில் கறுப்பாகிவிட்டன.

2013 மார்ச்சில் கல்லடியில் புதிய பாலம் திறந்த பிறகு எதிர்ப்பக்க வாகனத்துக்காக எவரும் காத்து நிற்பதில்லை. எங்களூர்ப் பிள்ளைகள் டியூசனுக்குப் புளியந்தீவுப் பக்கம் போய்வருகிறார்கள், தமிழ்ப் பிள்ளைகளோடு ஒரே மண்டபத்தில் இருந்து படிக்கிறார்கள், வகுப்பு முடிந்ததும் வான் ஏறிவிடுகிறார்கள். நோட்ஸ் கைபேசியில் வருகிறது. எவருடைய எழுத்து என்று பார்க்க அதில் ஒன்றுமில்லை.

கொப்பி இப்போது பாடசாலை அலுமாரியில் சேர்விடாப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, காக்காவின் சம்மதத்தோடு. 1990க்கு முன்னர் புளியந்தீவில் படித்த எங்கள் பக்கத்துக்காரர்களின் பெயர்களையும், எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் படிப்பித்த தமிழ் ஆசிரியர்களின் பெயர்களையும் ஒரு தனிக் கொப்பியில் எழுதிவருகிறேன். வகுப்புப் படம் வைத்திருப்பவர்கள் பின்பக்கத்தில் பென்சிலால் பெயர்களைக் குறித்துவைத்தால் பெரிய உதவி. பேனை வேண்டாம், மை மறுபக்கம் ஊறிவிடும். ‘விலகிய காரணம்’ நிரலைப் படியெடுக்கும் வேலை 1983க்கு வந்திருக்கிறது.